பாஹியங்கல குகையில இருந்தவங்க சிங்களமா தமிழா?

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

வெள்ளவத்தையில இருந்து எழுதுறன். உங்கட பேப்பரை எங்கட வீட்டில அப்பா காலத்தில இருந்து எடுக்கிறம், ஞாயிற்றுக்கிழமை பேப்பர் பிந்தினா என்ர வீட்டுக்காரருக்கு தேத்தண்ணி இறங்காது, அதனால நான் கோவத்தில எழுதுறன் எண்டு நினைக்காதேங்கோ, உரிமையோட எழுதுறன். போன மாசம் ஞாயிறு பதிப்பில நடுப்பக்கத்தில, உலகத்தின்ர முதல் மனிதன் தமிழன்தான் எண்டு கலர் மேப் எல்லாம் போட்டு ஒரு பெரிய கட்டுரை வந்தது. இலங்கைக்குக் கீழ ஒரு பெரிய கண்டம், ஒரு கரை மடகஸ்கார் மற்றக் கரை அவுஸ்திரேலியா, மனித குலமே அங்கதான் பிறந்தது, அங்க எல்லாரும் தமிழ் கதைச்சவங்க, பிறகு கடல் விழுங்க தப்பினவங்க போய் உலகம் முழுக்க பரவினவங்க எண்டு எழுதியிருந்தது. அதே பக்கத்தில கீழ ஒரு பெட்டிச் செய்தி, ஒவ்வொரு இனத்துக்கும் ரத்தமே வேற, டிஎன்ஏயைப் பாத்தா ஆள் என்ன இனம் எண்டு பளிச்செண்டு சொல்லலாமாம்.

என்ர மகள் தரம் 8. ஆதிமனிதன் பத்தி வரலாறு ஒப்படை செய்யச் சொல்லி ஸ்கூலில குடுத்திருந்தவை. அவள் அந்த மேப்பை சுத்திவர ஒழுங்கா வெட்டி, மூலை மடங்காம கம் பூசி, ஒப்படைக் கொப்பியின்ர முதல் பக்கத்தில ஒட்டிப்போட்டு, கீழ வயலட் பேனையால "நாங்களே முதல் மனிதர்" எண்டு எழுதி அடிக்கோடும் போட்டு வச்சிருந்தா. நான் வேலையால வந்து பாத்துட்டு கொஞ்ச நேரம் ஒண்டும் சொல்லேல்லை. நான் 22 வருசமா லேப்ல ரத்தம் பாக்கிற ஆள், நாளைக்கு எத்தனையோ ரிப்போர்ட் என்ர கையால போகுது, அந்தப் பெட்டிச் செய்தி பிழை எண்டு எனக்கு வாசிச்ச உடனயே தெரியும், ஆனா அந்தக் கண்டத்துக் கதையை நானும் சின்னனில நம்பினனான், எங்கட சேர் ஒருத்தர் அவ்வளவு அழகா சொல்லித் தந்தவர். அதனால அவளைப் பேச மனம் வரேல்லை. ரெண்டு பேருமா இருந்து தேடிப் பாப்பம் எண்டு சொன்னன். பிறகு ஒரு மாசமா தேடினதிலயும் என்ர வேலையில எனக்குத் தெரிஞ்சதிலயும் இருந்துதான் இதை எழுதுறன்.

முதல்ல அந்தக் கண்டம். லெமூரியா எண்ட பேரை வச்சது 1864 இல பிலிப் ஸ்கிலேட்டர் எண்ட இங்கிலாந்து விலங்கியல்காரர். லெமூர் எண்டு குரங்கு மாதிரி ஒரு சின்ன மிருகம் இருக்கு, அது மடகஸ்காரில நிறைய இருக்கு, அதின்ர சொந்தக்கார மிருகங்களும் எச்சங்களும் இந்தியாப் பக்கமும் கிடைக்குது, இடையில இவ்வளவு கடல் கிடக்கு, எப்பிடிப் போயிருக்கும் எண்டு அந்த மனிசன் யோசிச்சு, முந்தி இடையில ஒரு நிலம் இருந்திருக்கும் எண்டு சொன்னவர். அந்தக் காலத்துக்கு அது நியாயமான யோசனைதான், ஏனெண்டா கண்டங்கள் நகரும் எண்டு அப்ப ஒருத்தருக்கும் தெரியாது. இப்ப தெரியும். இந்தியாவும் மடகஸ்காரும் ஒண்டா ஒட்டியிருந்து கிட்டத்தட்ட 8 கோடி 80 லட்சம் வருசத்துக்கு முந்தி பிரிஞ்சு போனதுகள், நடுவில ஒரு கண்டமும் தாழேல்லை. எங்களை மாதிரி மனிசர் வந்தே 3 லட்சம் வருசம்தான் ஆகுது. அப்ப அந்த நிலம் பிரியேக்க பாக்கிறதுக்கு மனிசன் எண்டு ஒரு ஆள் இல்லை, தமிழும் இல்லை, வேற ஒரு பாசையும் இல்லை.

மனிசன் அங்கதான் தோன்றினது எண்டு சேத்துச் சொன்னது ஜெர்மன்காரர் ஏர்ன்ஸ்ட் ஹெக்கல். இதை நான் மகளுக்கு சொல்லேக்க எனக்கே நெஞ்சு ஒரு மாதிரி ஆயிட்டுது, ஏனெண்டா அந்த ஹெக்கல் 1881 இல எங்கட கொழும்புக்கு வந்தவர், முகத்துவாரம் பக்கம் பங்களாவில தங்கி கடல் பிராணி எல்லாம் பிடிச்சு ஆராய்ஞ்சவர், பெரிய விஞ்ஞானி, அதை ஆரும் மறுக்கேலாது, ஆனா அதே ஆள்தான் மனிசரை படிப்படியா மேல கீழ எண்டு அடுக்கி, தன்ர ஆக்களை உச்சியிலயும் கறுப்புத்தோல் ஆக்களை அடியிலயும் வச்சவர். எங்களை மேல தூக்கும் எண்டு நினைச்சு நாங்கள் நெஞ்சில வச்சிருக்கிற கதை எங்களை மாதிரி ஆக்களை கீழ வச்ச மனிசரிட்ட இருந்து வந்தது ஐயா. உங்கட கட்டுரையில ஹெக்கலின்ர பேர் இருந்தது, உலகம் போற்றும் அறிஞரே ஒத்துக்கொண்டார் எண்டு, மற்றதைச் சொல்லேல்லை.

எங்கட பழைய இலக்கியத்தில கடல்கோள் வருதே, அதெல்லாம் பொய்யோ எண்டு இவர் கேட்டார். கடல் நிலத்தை விழுங்கினது உண்மை, அதை நான் மறுக்கேல்லை, எங்கட கண்ணுக்கு முன்னாலயே கிடக்கு. கிட்டத்தட்ட 20,000 வருசத்துக்கு முந்தி பனிக்காலம் உச்சத்தில இருக்கேக்க தண்ணியெல்லாம் பனிக்கட்டியா உறைஞ்சு நிண்டதால கடல் இப்ப இருக்கிறதை விட 120 மீட்டர் அளவு கீழ இருந்தது. மன்னாருக்கும் ராமேஸ்வரத்துக்கும் இடையில இப்பவும் ஆதாம் பாலம் பக்கம் சில இடத்தில ஒரு மீட்டர் ஆழம்தான், அப்ப 120 மீட்டர் வத்தினா என்ன நடக்கும் எண்டு யோசிச்சுப் பாருங்கோ, இலங்கை தீவே இல்லை, நடந்தே போய் வரலாம். பனி உருகி கடல் ஏறி, கடைசியா கிட்டத்தட்ட 7,000 வருசத்துக்கு முந்தித்தான் இது தீவானது. அந்தத் தண்ணிக்குக் கீழ மனிசர் நடந்த நிலம் உண்மையாவே கிடக்கு. இதைக் கேட்டதும் என்ர மகள் போனில மேப்பை எடுத்து பாக்கு நீரிணையை விரலால பெருசாக்கிப் பெருசாக்கிப் பாத்துக்கொண்டு இருந்தா. இதை மேப் போட்டு நடுப்பக்கத்தில போட்டிருந்தா எவ்வளவு நல்லா இருந்திருக்கும்.

சரி, அப்ப மனிசன் எங்க தோன்றினான். ஆபிரிக்காவில. இது ஒருத்தரின்ர கருத்து இல்லை, எலும்பும் சொல்லுது மரபணுவும் சொல்லுது, ரெண்டும் தனித்தனி வழியால வந்து ஒரே இடத்தில நிக்குது. எத்தியோப்பியாவில ஓமோ ஆத்துப் பக்கம் 1967 இல எடுத்த மண்டையோடு முதல்ல 195,000 வருசம் எண்டு சொன்னவை, 2022 இல எரிமலைச் சாம்பலை வச்சு திருப்பிப் பாத்து குறைஞ்சது 230,000 வருசம் எண்டு கண்டுபிடிச்சவை. அதுதான் ஆகப் பழசு எண்டு நினைச்சுக்கொண்டு இருக்க, 2017 இல மொரோக்கோவில ஜெபல் இர்ஹூட் எண்ட இடத்து எலும்புகளுக்கு 3 லட்சம் வருசம் எண்டு வந்தது, முகம் எங்களை மாதிரி, மண்டை மட்டும் பின்னால கொஞ்சம் நீளம். ஒண்டு கிழக்கு ஆபிரிக்கா, மற்றது வடமேற்கு மூலை, இடையில ஆயிரக்கணக்கான மைல். இதில எனக்கு ஆக முக்கியமாப் பட்டது என்னெண்டா, ஒரு ஊர், ஒரு குகை, ஒரு முதல் மனிசன் எண்டு விரல் நீட்டிக் காட்டவே ஏலாது. ஆபிரிக்கா முழுக்க அங்கங்க இருந்த கூட்டங்கள் பிரிஞ்சும் கலந்தும் பல்லாயிரம் வருசமாத்தான் எங்களை மாதிரி ஒரு உருவம் வந்திருக்கு. "முதல் மனிதன் ஆர்" எண்ட கேள்வியே பிழையான கேள்வி, அதுக்கு தமிழன் எண்டு சொன்னாலும் பிழை எத்தியோப்பியன் எண்டு சொன்னாலும் பிழை.

மரபணுப் பக்கம் 1987 இல ரெபேக்கா கான், மார்க் ஸ்டோன்கிங், அலன் வில்சன் எண்டு மூண்டு பேர் 147 பேரின்ர மைட்டோகொண்ட்ரியா டிஎன்ஏயை ஒப்பிட்டுப் பாத்தவை. அது தாய் வழியா மட்டும் வாற டிஎன்ஏ. எல்லாருடைய தாய்வழியும் பின்னால போகப் போக ஆபிரிக்காவில போய் முடிஞ்சது. அதோட ஆபிரிக்க ஆக்களுக்கு இடையிலதான் வித்தியாசம் ஆகக் கூட, அங்க இருந்து தூரம் போகப் போக குறைஞ்சு கொண்டு வருது. ஏன் எண்டு மகளுக்கு விளங்கப்படுத்த நான் மிக்ஸர் பைக்கற்றை உடைச்சு ஒரு சட்டியில கொட்டினன். அதில கடலை, கச்சான், ஓமப்பொடி, முறுக்குத் துண்டு, கறிவேப்பிலை, காஞ்ச மிளகாய் எல்லாம் இருக்கு. ஒரு கை அள்ளி இன்னொரு கிண்ணத்தில போடு எண்டன், போட்டா, கறிவேப்பிலை வரேல்லை. அந்தக் கிண்ணத்தில இருந்து ரெண்டு விரலால அள்ளி வேற கிண்ணத்தில போடு எண்டன், அதில கச்சானும் ஓமப்பொடியும்தான். சட்டிதான் ஆபிரிக்கா. அங்க இருந்து ஒரு கூட்டம் பிரிஞ்சு போகேக்க இருக்கிறதில கொஞ்சத்தைத்தான் கொண்டு போகும், அதில இருந்து பிரியிறது இன்னும் கொஞ்சத்தை. இப்ப உலகம் முழுக்க ஆபிரிக்காவுக்கு வெளியில இருக்கிற ஆக்களில பெரும்பங்கு வந்தது கிட்டத்தட்ட 70,000க்கும் 50,000க்கும் இடைப்பட்ட காலத்தில வெளிக்கிட்ட ஆக்களிட்ட இருந்துதான். சீனனும் வெள்ளைக்காரனும் நானும் நீங்களும் அந்த ஒரு கை மிக்ஸர்தான்.

வழியில கலப்பும் நடந்திருக்கு. நியாண்டர்தால் எண்ட வேற மனிசரோட எங்கட முன்னோர் பிள்ளை பெத்திருக்கினம் எண்டு 2010 இல அந்த டிஎன்ஏயை வாசிச்சுக் காட்டினவை, அதுக்குத்தான் ஸ்வான்டே பாபோவுக்கு 2022 இல நோபல் பரிசு. ஆபிரிக்காவுக்கு வெளியில இருக்கிற எங்கள் எல்லாரிட்டயும் 1 முதல் 2 வீதம் அளவு அது இருக்கு. ஆகவே சுத்த ரத்தம் எண்டு கதைக்கிறவை எந்தப் பக்கத்து ஆக்களா இருந்தாலும் அந்தக் கதையை விடுறது நல்லது.

இதுக்குப் பிறகு எங்கட நாட்டு ஆதிமனிதர் இருந்த பாஹியங்கல குகையைப் பாக்கப் போனம். ஒரு போயா லீவுக்கு, இவரும் நானும் மகளும், ஹொரணைப் பக்கத்தால புளத்சிங்கள போய், அங்க இருந்து த்ரீவீல். கொழும்பில இருந்து ஒரு காலைப் பொழுதில போயிடலாம், இத்தனை வருசம் கொழும்பில இருந்தும் நான் ஒருநாளும் போனதில்லை. படி ஏறேக்க எனக்கு மூச்சு வாங்கிட்டுது, மகள் முன்னால ஓடிட்டா. மேல போனா குகை எண்டு சொல்லேலாது, மலை வாயைத் திறந்த மாதிரி அவ்வளவு உயரம், உள்ள பெரிய சயன புத்தர் சிலை, பூ, விளக்கு, வெள்ளை உடுப்போட ஆக்கள் இருந்து கும்பிடுகினம். சீனாவில இருந்து வந்த பாஹியன் துறவி தங்கினவர் எண்ட நம்பிக்கையில அந்தப் பேர். நாங்களும் செருப்பைக் கழட்டிப்போட்டு உள்ள போய் நிண்டம். வெளியில மழை தூறுது, உள்ள நிலம் காய்ஞ்சு கிடக்கு, ஒரு சொட்டு இல்லை. ஏன் அவங்க இங்க வந்து இருந்தவங்க எண்டு அந்த ஒரு நிமிசத்தில எனக்கு விளங்கிட்டுது.

அந்த மண்ணைத் தோண்டி எடுத்ததுகளில பழசு கிட்டத்தட்ட 48,000 வருசம். எலும்பைச் சீவி செய்த சின்னச் சின்ன முனைகள், அதில இருக்கிற வெடிப்பைப் பாத்து இது அம்பு முனையா எய்யப்பட்டது எண்டு ஆராய்ச்சிக்காரர் 2020 இல எழுதினவை. குரங்கு, மந்தி, மலை அணில் எலும்புகள் நிறைய. மரத்தில பாயிற குரங்கை அடிக்கிறது எண்டா சும்மா இல்லை, மழைக்காட்டுக்குள்ள மான் மாதிரி வெளியில நிக்கிற மிருகம் கிடைக்கிறது குறைவு, அதனால அவங்க புதுசா ஒரு வேட்டையைப் பழகி இருக்கிறாங்க. மனிசன் மழைக்காட்டில வாழவே ஏலாது எண்டு முந்தி பெரிய பெரிய ஆக்கள் சொன்னவை, அந்தக் கதையை மாத்தினதில எங்கட களுத்துறை இரத்தினபுரிப் பக்கத்துக் குகைகளுக்கு பெரிய பங்கு இருக்கு. காவி மண், சிப்பி மணி எல்லாம் கிடைச்சிருக்கு, கடல் இவ்வளவு தூரத்தில இருக்க, கடலில இருந்து வந்த சாமான் காட்டுக்குள்ள. ஆரோ நடந்து கொண்டு வந்து குடுத்திருக்கிறாங்க, இல்லாட்டி மாத்தியிருக்கிறாங்க. குருவிட்ட பக்கம் பட்டதொம்பலென, கித்துல்கல பெலிலென எண்டு இன்னும் குகைகள் இருக்கு, பலாங்கொடை மனிதன் எண்டு ஸ்கூல் புத்தகத்தில வாறது இவங்களைத்தான். உங்கட வாசகர்களுக்கு இன்னொண்டும் சொல்லோணும், எங்கட வன்னியின்ர பேரையே உலக ஆராய்ச்சிக்காரர் பாவிக்கினம். இரணைமடு படிவம் எண்டு ஒரு செம்மண் படை இருக்கு, வறண்ட கரையோரம் எல்லாம் வாறது, அதுக்குள்ள கல் ஆயுதங்கள் கிடைச்சு, தெற்கில பூந்தல பக்கம் எடுத்ததுக்கு கிட்டத்தட்ட 125,000 வருசம் எண்டு தொல்லியல் அறிஞர் சிரான் தெரணியகல கணக்குச் சொன்னவர். கிளிநொச்சிப் பிள்ளைகளுக்கு இது தெரியுமோ? குளம் தெரியும், இது தெரியாது.

இறங்கி வந்து கடையில பிளேன்டி குடிக்கேக்க மகள் கேட்டா, "அம்மா, இங்க இருந்தவங்க சிங்களமா தமிழா?" பக்கத்து மேசையில இருந்த சிங்கள அம்மா ஒராள் விளங்கினதாலயோ என்னவோ சிரிச்சுக்கொண்டு எங்களைப் பாத்தா. எனக்கு அந்தக் கேள்வி பிழையாப் படேல்லை, இந்த நாட்டில பிறந்து வளர்ற பிள்ளை வேற என்னத்தைக் கேக்கும். நான் கணக்கா சொன்னன். தமிழ், தெலுங்கு, கன்னடம், மலையாளம் எல்லாம் வந்த அந்த மூல பாசைக் குடும்பத்துக்கே வயசு கிட்டத்தட்ட 4,500 வருசம் எண்டு 2018 இல ஒரு கணக்குப் போட்டிருக்கினம். சிங்களம் அதுக்கும் பிறகு வந்தது. குகைக்காரங்க 48,000. பத்து மடங்குக்கு மேல. அவங்க என்ன பாசை கதைச்சிருந்தாலும் அது தமிழும் இல்லை சிங்களமும் இல்லை, ரெண்டும் பிறக்க இன்னும் 40,000 வருசத்துக்கு மேல கிடக்கு. ஆனா அவங்கட ரத்தம் கொஞ்சம் எங்கட ரெண்டு பக்கத்திலயும் கலந்து இருக்கலாம் எண்டும் சொன்னன். ஆரியம் திராவிடம் எண்டு நாங்கள் அடிபடுற ரெண்டு சொல்லும் அறிஞர்கள் பாசைக் குடும்பத்துக்கு வச்ச பேர், அதை உடம்புக்கும் மூக்குக்கும் நிறத்துக்கும் கொண்டுவந்து ஒட்டினது பிறகு நடந்த வேலை.

இனி என்ர வேலைக்கு வாறன், அந்தப் பெட்டிச் செய்திக்கு. தமிழில "இனம்" எண்ட ஒரே சொல்லை நாங்கள் எத்தினைக்குத்தான் பாவிக்கிறம், மனித இனம், பறவை இனம், தமிழ் இனம், கறுப்பினம், பிறப்புச் சான்றிதழிலயும் இனம் எண்டு ஒரு கட்டம். அதனாலயே இதெல்லாம் ஒண்டு எண்டு மனசுக்குள்ள பதிஞ்சுபோச்சு. லேப்ல நான் ரத்த வகை பாக்கிறது ஒரு வெள்ளைத் தட்டில, ஒரு துளி ரத்தத்தில நீல மருந்து, ஒரு துளியில மஞ்சள் மருந்து, நீலத்தில கட்டி கட்டியா திரண்டா ஏ, மஞ்சளில திரண்டா பி, ரெண்டிலயும் திரண்டா ஏபி, ரெண்டிலயும் திரளாட்டி ஓ. 22 வருசத்தில கூடப்பிறந்த அண்ணன் தம்பி ரத்தம் ஒத்துவராம, ஆரோ தெரியாத சிங்கள, முஸ்லிம் பொடியன்ர ரத்தம் ஒத்துவந்து ஏத்தினதை எத்தினை தரம் பாத்திட்டன். 1972 இல ரிச்சர்ட் லெவொன்டின் எண்ட மரபியல்காரர் இப்பிடி ரத்த வகையும் ரத்தப் புரதமும் சேத்து 17 மரபணுவை உலகம் முழுக்க ஒப்பிட்டுப் பாத்தவர். மனிசருக்குள்ள இருக்கிற வித்தியாசத்தில கிட்டத்தட்ட 85 வீதம் ஒரே கூட்டத்துக்குள்ளயே இருக்கு, பெரிய இனம் எண்டு சொல்லுறதுகளுக்கு இடையில இருக்கிறது 6 வீதம்தான். பிறகு டிஎன்ஏயை நேரா வாசிச்சுப் பாத்தும் கிட்டத்தட்ட அதே கணக்குத்தான் வந்தது.

ஆனா உண்மையை மறைச்சும் கதைக்கக் கூடாது. ஒரு மரபணுவைப் பாத்தா ஒண்டும் பிடிபடாது, ஆயிரக்கணக்கில சேத்துப் பாத்தா ஒராளின்ர முன்னோர் உலகத்தில எந்தப் பக்கம் இருந்தவை எண்டு சொல்லலாம், கேம்பிரிட்ஜில எட்வர்ட்ஸ் எண்டவர் 2003 இல இதை எடுத்துக் காட்டினவர், சரியான கதை. ஆனா அது சொல்லுறது இடத்தை, எங்கட அடையாள அட்டைச் சண்டையை இல்லை. பக்கத்துப் பக்கத்தில இருந்தவை ஒத்திருப்பினம், தூரம் போகப் போக மெல்ல மெல்ல மாறும், எல்லைக்கோடு எண்டு ஒண்டு நடுவில இல்லை. இலங்கையிலயும் அதுதான், 2023 இல வந்த ஒரு ஆய்வு சிங்கள ஆக்களும் இலங்கைத் தமிழரும் மரபணுவில நல்லா நெருக்கம், பாசை எல்லையைத் தாண்டி கலந்திருக்கினம் எண்டு காட்டினது. உங்கட பெட்டிச் செய்தியில "பளிச்செண்டு" எண்டு இருக்கு. பளிச்செண்டு ஒண்டும் தெரியாது ஐயா.

நிறத்தைப் பாருங்கோ. கறுப்பு எண்டது வெயிலுக்குக் கிடைச்ச குடை, கடும் வெயில் ரத்தத்தில இருக்கிற ஃபோலேற் எண்ட விற்றமினை அழிக்கும், பிள்ளைத்தாச்சிக்கு அது முக்கியம், அதனால வெயில் நாட்டில கறுப்புத்தோல் நிண்டுட்டுது. வெயில் குறைஞ்ச நாட்டில விற்றமின் டி காணாது, அங்க வெளிறின தோல் நிண்டுட்டுது. இங்கிலாந்தில கிடைச்ச 10,000 வருசத்து எலும்பின்ர டிஎன்ஏயை 2018 இல பாத்தா, அந்த ஆள் கறுப்பா இருந்திருக்க வாய்ப்புக் கூட எண்டு வந்தது. ஐரோப்பியரை வெளிற வைக்கிறதில ஒரு பெரிய பங்கு எஸ்எல்சி24ஏ5 எண்ட மரபணுவில வந்த ஒரு மாத்தத்துக்கு, அதை 2005 இல கண்டுபிடிச்சவை, அதே மாத்தம் இலங்கையில சிங்கள ஆக்களிலயும் தமிழ் ஆக்களிலயும் இருக்கு, ஒரே வீட்டில அக்கா வெள்ளை தங்கச்சி கறுப்பா இருக்கிறதுக்கு இப்பிடியான சில மரபணு எங்க போய் விழுந்தது எண்டதுதான் காரணம். அதை வச்சு உங்கட பேப்பரின்ர மணமகள் தேவைப் பக்கத்தில "நல்ல வெள்ளை நிறமான" எண்டு வாராவாரம் வருது. விளம்பரம் காசு தாறது, எனக்கு விளங்குது. ஆனா என்ர மகள் என்னை மாதிரி கறுப்பு, அவளும் அந்தப் பக்கத்தை வாசிக்கிறா.

இந்த இனக் கதை ஆளைக் கொல்லுற இடமும் இருக்கு, அதுக்காகத்தான் உண்மையில பேனையை எடுத்தனான். கொஞ்சக் காலத்துக்கு முந்தி ஒரு அப்பா, கலியாணம் பேசின மகளின்ர ரத்த ரிப்போர்ட்டோட வந்தார். சிவப்பணு சின்னன், வெளிறல், எம்சிவி எண்ட சிவப்பணுவின்ர சராசரி அளவு நல்லாக் குறைவு, ஆனா இரும்புச்சத்து சரியா இருக்கு. அதுக்கு முதல் ரெண்டு வருசமா அந்தப் பிள்ளைக்கு இரும்புக் குளிசைதான் குடுத்துக்கொண்டு இருந்திருக்கினம். தலசீமியா எண்டது ரத்தத்தில ஹீமோகுளோபின் ஒழுங்கா உண்டாகாத பரம்பரை வருத்தம், டொக்டரிட்ட கேட்டு அதுக்கு டெஸ்ட் ஒண்டு செய்யுங்கோ அண்ணை எண்டு சொன்னன். அவர் சொன்னார், "அது குருநாகல் பக்கத்துச் சிங்கள ஆக்களுக்கு வாற வருத்தம் பிள்ளை, எங்கட ஆக்களுக்கு அது இல்லை." நான் கையைப் பிடிக்காத குறையா சொல்லித்தான் செய்விச்சது. பிள்ளை காவி, அதாவது ஒரு பக்கத்தால மட்டும் அந்த மரபணு வந்த ஆள். மாப்பிள்ளைக்கும் பாத்தம், அவருக்கு இல்லை, கலியாணம் நடந்தது. ரெண்டு பேருக்கும் இருந்திருந்தா ஒவ்வொரு பிள்ளைப்பேறிலயும் நாலில ஒரு பங்கு ஆபத்து, அந்தப் பிள்ளைக்கு மூண்டு நாலு கிழமைக்கு ஒருக்கா வாழ்நாள் முழுக்க ரத்தம் ஏத்தோணும்.

தலசீமியா இனத்தைப் பாத்து வரேல்லை, நுளம்பைப் பாத்து வந்தது. ஒரு பக்கத்தால மட்டும் அந்த மரபணு வந்த ஆளை மலேரியா லேசில கொல்லாது, அதனால மலேரியா ஆயிரக்கணக்கான வருசம் ஆண்ட ஊர்களில அது தங்கிட்டுது. எங்கட வறண்ட வலயத்தில, சைப்ரஸில, இத்தாலியில, தாய்லாந்தில. 1934, 35 இல இந்த நாட்டில மலேரியா எத்தினை ஆயிரம் பேரைக் கொண்டு போனது எண்டு எங்கட அம்மம்மா சொல்லுவா. 2016 இல மலேரியா இல்லாத நாடு எண்டு உலக சுகாதார நிறுவனம் சான்றிதழ் தந்துட்டுது, ஆனா மரபணு போகேல்லை, அது எங்கட உடம்பிலதான் இருக்கு. வவுனியாவிலயும் மன்னாரிலயும் நுளம்பு இல்லாமலா இருந்தது? மனிசருக்கு இடையில வித்தியாசம் இருக்கு ஐயா, இல்லை எண்டு சொல்லுறவள் நான் இல்லை, அந்த வித்தியாசம் வெயிலாலயும் நுளம்பாலயும் சாப்பாட்டாலயும் வந்தது, பிறப்புச் சான்றிதழ்க் கட்டத்துக்குப் பொருந்தி வராது. பொருந்தும் எண்டு நம்பினா அந்த அப்பா மாதிரி ரிப்போர்ட்டை மடிச்சு பொக்கற்றில வச்சிடுவினம்.

இன்னும் ஒண்டு. இந்த நாட்டு வேடர் ஆக்களின்ர மண்டையோடுகளை முந்தி ஐரோப்பாவுக்கு எடுத்துக்கொண்டு போய் அளந்தவை, இனத்துக்கு இனம் மண்டை வேற எண்டு நிரூபிக்க. அதில 9 மண்டையோட்டை எடின்பரோ பல்கலைக்கழகம் 2019 இல வேடர் தலைவர் வன்னில அத்தோவின்ர கையில திருப்பிக் குடுத்தது. வேடர் ஆக்கள் தங்கட முறைப்படி சடங்கு செய்யிறதுக்காக. அளந்தவைக்கு அது ஒரு நம்பர், வாங்கினவருக்கு தன்ர மூதாதை. இந்தச் செய்தியையும் நான் மகளுக்கு வாசிச்சுக் காட்டினன், அவள் ஒண்டும் கேக்கேல்லை, அந்தப் படத்தை மட்டும் கனநேரம் பாத்தா.

உங்களிட்ட நான் கேக்கிறது ரெண்டு விசயம். கட்டுரைக்கு ஒரு திருத்தம் போடுங்கோ, கடைசிப் பக்கத்து மூலையில நாலு வரி இல்லை, அதே நடுப்பக்கத்தில, அதே அளவில, மேப்போட, பாக்கு நீரிணை 20,000 வருசத்துக்கு முந்தி எப்பிடி இருந்தது எண்டு. தமிழில தொல்லியலும் உயிரியலும் படிப்பிக்கிற விரிவுரையாளர்கள் யாழ்ப்பாணத்திலயும் பேராதனையிலயும் கொழும்பிலயும் இருக்கினம், அவையளிட்ட கேட்டா எழுதித் தருவினம். அடுத்தது, கலியாணத்துக்கு முதல் தலசீமியா பாக்கச் சொல்லி மணமக்கள் விளம்பரப் பக்கத்தின்ர மேல ஒவ்வொரு வாரமும் ரெண்டு வரி போடுங்கோ, அதுக்கு ஒரு சதமும் செலவில்லை.

மகள் அந்தப் பழைய மேப்பை ஒப்படையில இருந்து கிழிக்கப் பாத்தா, கம் இறுகி ஒட்டினதால பாதிதான் வந்தது. மிச்சத்துக்கு மேல ஒட்டுறதுக்கு அளவெடுத்து வச்சுக்கொண்டு இருக்கிறா, அடுத்த மாசம் 10 ஆம் திகதி குடுக்கோணுமாம், அதுக்கு முதல் ரெண்டு ஞாயிறு இருக்கு.

இப்படிக்கு,
லேப்ல வேலை செய்யிற ஒரு அம்மா,
வெள்ளவத்தை, கொழும்பு 6.